நாலு விரல் கூடுதலாக வெட்டிய படகு

எங்கள் கரையில் நின்றால் எதிரே ஒரு சின்னத் தீவு தெரியும். நடுவில் கடல் அதிக அகலமில்லை. அங்கே கொடியில் காயும் துணியின் நிறம் இங்கிருந்தே தெரியும். மனாங் பன்யாங்குக்கு நிறம் மட்டுமல்ல, தையலும் தெரியும் என்று நாங்கள் கேலி செய்வோம். காலையில் காபியோடு கரைக்கு வந்து நின்று, "நீலப் பாவாடை காயுது. நேத்து பெபாங் கோயிலுக்குப் போயிருக்கா" என்பாள். பெபாங் அவள் தங்கை. அந்த நீலப் பாவாடையைத் தைத்தவள் பன்யாங்தான்.

மனாங் என்றால் எங்களுக்கு அக்கா, மனோங் என்றால் அண்ணன். ஊரில் எல்லோருக்கும் அவள் மனாங்தான், பாதிரியாருக்கும் சேர்த்து. ஐம்பதைத் தாண்டியவள், ஒல்லி. கழுத்தில் அளவு நாடா இல்லாமல் நான் அவளைப் பார்த்ததில்லை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், வந்தவன் ஒருத்தனும் அளவு சரியாக இல்லை என்பாள். என் பெட்டிக்கடை அவள் வீட்டுக்கு நேர் எதிரே. சோப்பும் மீன் டப்பாவும் விற்ற நேரம் போக மீதி நேரமெல்லாம் நான் அவள் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி உண்டு.

எல்லாம் ஒரு கால்சட்டையால் வந்தது. பெபாங்கின் புருஷன் நெஸ்டர் பெரிய வலைக்காரன், உடம்பும் பெரிது. அவனைக் குண்டு என்று சொல்ல அந்தத் தீவில் யாருக்கும் தைரியம் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு அவனுக்கு ஒரு கறுப்புக் கால்சட்டை தைத்துக் கொடுத்தாள் பன்யாங். மே மாதம் சான் இசிட்ரோ திருவிழாவில் அதைப் போட்டுக்கொண்டு அவன் புனிதரின் சப்பரத்தைத் தூக்கக் குனிந்தான். பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழிந்தது. அவனுக்குப் பின்னால் பாடிக்கொண்டு வந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். மறுபடி பாடத் தொடங்க வெகுநேரம் ஆயிற்று.

வெட்கப்பட்டு வீட்டோடு கிடந்திருந்தால் ஒன்றுமில்லை. அவன் ஊரெல்லாம் ஒரு பேச்சைப் பரப்பினான். பன்யாங் தையலுக்கு உள்ளே கூடுதல் துணி விடாமல் தைத்துவிட்டாள், மிச்சத் துணியை அமுக்கிக்கொண்டாள் என்று. தையல்காரியைத் துணித் திருடி என்றால் அவளுக்கு மிச்சம் என்ன இருக்கிறது? தப்பை ஒத்துக்கொள்ளும்வரை அவள் தன் படகில் கால் வைக்கக்கூடாது என்றும் சொன்னான். மற்றவர்களிடமும் படகு உண்டு. ஆனால் அவர்கள் எல்லோரும் அவன் வலையில் வேலை செய்பவர்கள். ஏற்றிக்கொள்ள ஒருவனும் துணியவில்லை. பெபாங்காவது இந்தப் பக்கம் வரலாமே என்றால், அவளும் வரவில்லை. புருஷன் விடவில்லை என்றுதான் பன்யாங் நினைத்தாள். தங்கையைப் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஆனால் வீம்பும் இறங்கவில்லை.

"ரெண்டு விரல் துணி உள்ள விட்டுத்தான் தைச்சேன். பண்ணாத தப்ப ஒத்துக்கிட்டு அவன் படகுல ஏறணுமா? நானே ஒண்ணு தைச்சுக்கிறேன்" என்றாள் என் கடை வாசலில்.

படகைத் தைப்பதாவது! நான் சிரித்தேன். மறுநாள் அவள், கடலுக்குப் போவதை விட்டுவிட்ட படகுத் தச்சர் கார்டோ கிழவரின் பாய்மரப் படகுக்கு அளவு எடுக்கப் போனபோது சிரிப்பு நின்றது. புது ரவிக்கைக்குப் பழைய ரவிக்கையை அளவு கொடுப்பதில்லையா, அதே முறைதான். பழைய செய்தித்தாளைப் படகின் மேல் பரப்பி, ஓரம் மடித்து, குண்டூசி குத்தி, சாக்கட்டியால் கோடு போட்டாள். கிழவர் உள்ளே படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. விழித்தபோது தம்மைச் செய்தித்தாளில் கட்டிவிட்டார்கள் என்று அவர் பயந்துபோனாராம்.

பிளைவுட் பலகைகள் வந்தன. அடிப்பாகத்துக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, பின்னால் ஒரு துண்டு. எங்கள் ஆட்கள் மரச்சட்டத்தில் பலகையை ஆணி வைத்து அடிப்பார்கள். இவளோ ஓரத்தில் துளை போட்டு, மோட்டார் கடையில் வாங்கிய செம்புக் கம்பியால் பலகையோடு பலகையைச் சேர்த்துத் தைத்தாள். பிறகு இரண்டு டப்பாப் பசையைக் கலந்து இடுக்கெல்லாம் அடைப்பது. இப்படிச் செய்யும் நாடுகள் உண்டு என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆனால் அங்கெல்லாம் சாணுக்கு ஒரு துளைதான் போடுவார்களாம். இவள் சட்டைக்குப் போடுவதுபோல் நெருக்கமாகப் போட்டாள். மனாங், இது படகா, சல்லடையா என்று கேட்டேன். அவள் வாயில் குண்டூசி இருந்ததால் தப்பித்தேன்.

கம்பியை முறுக்கி முறுக்கி இழுத்ததும் தட்டையாகக் கிடந்த பலகைகள் எழுந்து வளைந்து படகாக நின்றன. கூட்டம் கூடிவிட்டது. கார்டோ கிழவர் தம் படகின் அளவில் அறுத்து வைத்திருந்த, படகுக்குள் குறுக்கே நிற்கும் விலாக்கட்டைகளை எடுத்துவந்து உள்ளே வைத்தார். ஒன்றாவது நிற்க வேண்டுமே! எல்லாம் தொளதொளவென்று ஆடின.

கிழவர் நாடாவை வாங்கி அளந்தார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டு விரல், ஆக அடிப்பலகை நாலு விரல் கூடுதல். அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. காகித அளவைப் பலகையில் வைத்து வரைந்தபோது, சட்டைக்கு விடுவதுபோல் சுற்றிலும் உள்துணி விட்டு வெட்டியிருக்கிறாள். முப்பது வருஷக் கை அது. போதாததற்கு நெஸ்டரின் பேச்சு மனதில் இருந்து ரெண்டு விரலாகவே விட்டிருக்கிறது. பலகையை எங்கே உள்ளே மடித்துத் தைப்பது? கரையெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

பன்யாங்கின் முகம் சிவந்தது. பிரித்து, வெட்டி, மறுபடி தைக்கச் சொன்னார் கிழவர்.

"இறுக்கமாத் தைச்சாத்தான் கிழியும். தொளதொளன்னு இருந்து எது கிழிஞ்சிருக்கு? புது விலா அறுங்க மனோங்" என்றாள். கிழவர் தலையில் அடித்துக்கொண்டு அறுத்தார்.

இப்படியாக எங்கள் கரையில் இடுப்பு அகன்ற ஒரு படகு பிறந்தது. இரு பக்கமும் மூங்கில் மிதவை கட்டினாள். பாய், தேர்தல் முடிந்து கிழிந்து தொங்கிய தார்ப்பாய்களில் தைத்தது. தோற்ற வேட்பாளர் ஒருவர் அதில் தலைகீழாகச் சிரித்தார். புதுப் படகுக்குக் கோழி ரத்தம் பூசுவது வழக்கம். புதுப் பெயிண்டில் கறை படுமென்று ஒரே ஒரு பொட்டு வைக்கவிட்டாள். படகைத் தூக்கிக் கடலில் இறக்க நெஸ்டரின் ஆட்களே வந்து தோள் கொடுத்தார்கள். ஏற்றிக்கொள்ளத்தான் பயம், தூக்கிவிடப் பயமில்லை.

சில நாள் கரையோரமாகவே சுற்றினாள். கிழவர் கரையிலிருந்து கத்துவார், அவள் கிழவரைத் திருப்பிக் கத்துவாள், படகு தன் இஷ்டத்துக்குப் போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல காற்று. கடையைச் சாத்து தோத்தோ, பாரத்துக்கு ஆள் வேண்டும் என்றாள். தம்பி என்று அழைத்தால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? மிதவைக் கம்பில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் சொன்னேன். படகு வேகமாகப் போகவில்லை. ஆனால் ஒரு தடவைகூடச் சாயவில்லை.

எதிர்க்கரையில் நிறுத்தத் தெரியாமல் நேராக மணலில் போய் ஏறினோம். பெபாங் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் ஓடிவருவாள் என்று நினைத்தேன். ஈரத் துணியோடு அப்படியே நின்றுவிட்டாள். நெஸ்டர்தான் வந்தான். வந்தவன் உள்ளே திரும்பிப் போய், மடித்து வைத்திருந்த கறுப்புக் கால்சட்டையைக் கொண்டுவந்து நீட்டினான்.

"நீங்களே பாருங்க மனாங். உள்ள துணி எங்க இருக்கு?"

பன்யாங் அதை உள்புறம் திருப்பினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கிழிந்த இடத்தில் துணி ஓரத்தை ஒட்டிப் போட்ட ஒரு கைத்தையல் மிச்சமிருந்தது, இடது பக்கம் சாய்ந்து. அதற்கு இரண்டு விரல் உள்ளே, பிரித்த பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாக, பொடிப்பொடியாக. மெஷின் தையல். யாரோ பிரித்து, உள்துணி முழுவதையும் வெளியே எடுத்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். கால்சட்டை பத்தவில்லை என்று புருஷனிடம் சொல்லப் பயந்த யாரோ.

நான் பெபாங்கைப் பார்த்தேன். அவள் மணலைப் பார்த்தாள்.

இப்போது இடி விழும் என்று காத்திருந்தேன். இத்தனை மாதமாக இவள் எதற்காக வெந்தாள், எதற்காகப் பலகை அறுத்தாள்? நல்ல பேர் கைக்கு எட்டும் தூரத்தில், அந்தத் துணியிலேயே இருந்தது. பன்யாங் கால்சட்டையை மெதுவாக மடித்தாள்.

"ஆமா நெஸ்டர். பத்தாமத்தான் இருக்கு. தப்பு என்னோடதுதான்."

நெஸ்டருக்கு, ஜெயித்தபின் என்ன செய்வதென்று தெரியவில்லை. மீன் சுடட்டுமா, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றான். சுட்டுப் போட்டான். பெபாங் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

கிளம்பும்போது நெஸ்டர்தான் படகைத் தள்ளிவிட்டான். முழங்கால் ஆழத்துக்கு வந்ததும், பாவாடை நனைய நனைய பெபாங் ஓடிவந்து உள்ளே ஏறினாள். கிழவரின் படகாக இருந்தால் பாய்மரத்தடியில் ஒருத்திக்குத்தான் இடம். இதில் அக்காவும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

பாதிக் கடல் தாண்டியபின் பெபாங் அழத் தொடங்கினாள். "மனாங், அந்தக் கால்சட்டை..."

"உன் கைத்தையல் எனக்குத் தெரியாதா?" என்றாள் பன்யாங். "கயித்தப் பிடி. காத்து மாறுது."