ஊர்வல வேகத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

"பாய், நீங்க ஓகேனு ஒரு வார்த்தை சொல்லுங்க, நாளைக்குக் காலைல வேன குடுத்துட்றேன்" என்று தண்டபாணி சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பழைய கார் வாங்குகிறவர்களுக்காக வண்டியைச் சோதித்துச் சொல்வது என் வேலை. ஒர்க்‌ஷாப்பை மகனிடம் ஒப்படைத்த பிறகு இதை மட்டும் விடாமல் வைத்திருக்கிறேன். திருவண்ணாமலையில் பலர் "பாய் பாத்துட்டாரா?" என்று கேட்ட பிறகுதான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். அந்தப் பெருமையில் நான் சறுக்கிய கதை இது. புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் படிக்கட்டும்.

தண்டபாணிக்குச் சொந்த ஊர் மலைக்குப் பின்பக்கம் இருக்கும் அடி அண்ணாமலை. சொந்த வேன் வைத்திருக்கிறான். பள்ளிப் பிள்ளைகள், கல்யாணக் கோஷ்டி, பௌர்ணமிக்கு வரும் ஜனம் என்று அது ஓயாமல் ஓடும். வீட்டில் அடுப்பு எரிவது அந்த வேனால்தான். அதை விற்றுவிட்டு, கூரை மடங்கும் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி, மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னான். "இந்த ஜில்லாவுலயே யார்கிட்டயும் இல்ல பாய். மாப்ளைங்க க்யூவுல நிப்பானுங்க." வேனை வாங்குகிற ஆள் மறுநாள் காலை வருவதாக இருந்தது. கார் சரியில்லை என்றால் அவனுக்கு வேனும் இல்லை, காரும் இல்லை.

சோதனை ஒன்று: செங்கம் ரோடு

காரின் சொந்தக்காரர் பெங்களூரிலிருந்து வந்து ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்குத் தங்கியிருந்தவர். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. "எனக்கு எல்லாத்துலயும் பற்று விட்டுப்போச்சு பாய்" என்றார். காரின் விலையில் மட்டும் அது இன்னும் விடவில்லை.

நான் முறைப்படி ஆரம்பித்தேன். பாடியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே சுற்றி வந்தேன். பட்டி வைத்து ரீபெயின்ட் அடித்த இடத்தில் சத்தம் மந்தமாக வரும். அப்படி எங்கும் வரவில்லை. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பாகத்தில் சேற்றுக் கறை இருக்கும். அதுவும் இல்லை. கூரையைப் பத்து முறை திறந்து மூடினேன். மூடி வைத்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துவிட்டு, உள்ளே உட்கார்ந்து துணியைத் தடவிப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை.

ஏசி சுவிட்சில் கை வைத்தேன். பெங்களூர் சார் சிரித்தார். "ஓப்பன் காருக்கு எதுக்கு பாய் ஏசி? மலைக்காத்து போதாதா?" எங்கள் ஊரில் சித்திரை மாசம் மலையிலிருந்து வருவது காற்றா அனலா என்று அவருக்குத் தெரியவில்லையே என்று நானும் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் கையை எடுத்துவிட்டேன். ஏசியைப் போட்டால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றியாக வேண்டும். சுற்றாவிட்டால் அங்கேயே குட்டு உடைந்திருக்கும்.

பிறகு செங்கம் ரோட்டில் ஒரு விரட்டு விரட்டினேன். அறுபது வயதுக்கு மேல் அப்படி ஒரு வண்டி கையில் கிடைத்தால் யாராக இருந்தாலும் விரட்டத்தான் செய்வார்கள். டெம்பரேச்சர் முள் நடுவில் ஆணி அடித்தாற்போல் நின்றது. இறங்கி வந்து "ஓகே" என்றேன். தண்டபாணி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

சோதனை இரண்டு: கிரிவலப் பாதை

"மல்லிகாகிட்ட ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாம் பாய்" என்றான். மல்லிகா அவன் மனைவி. கிரிவலப் பாதையில் சோடா, வேர்க்கடலைக் கடை போட்டிருக்கிறாள். சார் பெருந்தன்மையாகத் தலையசைத்தார். நான் ஓட்ட, தண்டபாணி பக்கத்தில் உட்கார்ந்தான்.

அன்று பௌர்ணமி. நல்ல காரியம் முடிக்க நல்ல நாள் என்று பஞ்சாங்கம் பார்த்துக் குறித்தவன் அவன்தான். திதி மத்தியானமே ஆரம்பிக்கிறது என்றும் அதில்தான் போட்டிருந்தது. நல்ல நாளைப் பார்த்த மனுஷன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. எனக்காவது தோன்றியிருக்க வேண்டும். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

பாதி வழியில் ஜனம் எங்களைச் சூழ்ந்துகொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. கூரை வேறு திறந்திருந்தது. ஒரு பெண் பானெட்டில் விபூதி பூசிவிட்டுப் போனாள். கல்லூரிப் பையன்கள் செல்ஃபி எடுத்தார்கள். அதில் ஒருவன் என் வெள்ளைத் தாடியைப் பார்த்துவிட்டு, "இன்னா பெரியவரே, மாப்ள நீங்களா, பக்கத்துல இருக்கறவரா?" என்றான். தண்டபாணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எல்லோருக்கும் கையசைத்துக்கொண்டே வந்தான். எங்களை விட வேகமாக ஒரு தாத்தா கைத்தடியோடு நடந்து போனார்.

அரை மணி நேரம் முதல் கியரிலேயே ஊர்ந்தோம். முள் மெல்ல ஏறியது. மல்லிகாவின் கடையை அடைவதற்கும் பானெட்டிலிருந்து ஆவி கிளம்புவதற்கும் சரியாக இருந்தது. என்ஜினை அணைத்தேன்.

மல்லிகா காரைச் சுற்றி வந்தாள். "இதுவா?" என்றாள்.

"கூட்டத்துல எந்த வண்டிதான் சூடாவாது?" என்றான் தண்டபாணி.

"நம்ம வேன் ஆவாதே. பௌர்ணமிக்கு பௌர்ணமி இதே கூட்டத்துலதான ஓட்ற?" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "பாய், மாப்ள ஊர்வலமும் இப்டி மேளத்துக்குப் பின்னாடி ஊர்ந்துதான போவும்? அவ்ளோ மெதுவா ஓட்டிப் பாத்தீங்களா?"

எனக்குச் சுரீர் என்றது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். ஊர்ந்து போகும்போது ஃபேன்தான் கதி. தண்டபாணி இந்தக் காரை வாழ்நாள் முழுக்க ஊர்ந்துதான் ஓட்டப்போகிறான். நானோ என் ஆசைக்கு விரட்டிப் பார்த்துவிட்டு ஓகே சொல்லியிருக்கிறேன்.

பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்துப் பார்த்தேன். ஃபேன் அசையவில்லை. சூடு முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே பழுப்பாகப் பசை. லீக்கை அடைக்க ஊற்றும் மருந்து. முன்பே பலமுறை கொதித்த வண்டி அது. ஃபேனை மாற்றிவிடலாம். கொதித்த சூட்டில் என்ஜின் ஹெட்டே வளைந்திருந்தால், அந்த மாடலுக்குப் பார்ட்ஸ் வருவதற்குள் இரண்டு கல்யாண சீசன் போய்விடும்.

சாருக்கு போன் போட்டேன். "உடம்புனு ஒண்ணு இருந்தா உபாதையும் இருக்கத்தானே செய்யும் பாய்" என்றார். "அந்த உபாதைய முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்? வண்டிய ஆள் விட்டு எடுத்துட்டுப் போங்க" என்று வைத்துவிட்டேன்.

அடுத்ததுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வண்டியைக் குறை சொல்ல எனக்குத் தயக்கமே கிடையாது. நான் சொன்னதே தப்பு என்று இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை. சுற்றிலும் ஐம்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. இந்தக் கூட்டம் மட்டும் வழியை மறிக்காமல் இருந்திருந்தால், என் ஒரு வார்த்தையில் அந்த வேன் காலையில் போயிருக்கும்.

"தண்டபாணி, நான் சொன்ன ஓகே தப்பு. சரியா பாக்காம சொல்லிட்டேன். வேன குடுத்துடாத."

அவன் காரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் கலங்கியிருந்தது. "ஜனம் எப்டி பாத்துச்சு பாத்தீங்களா பாய்" என்றான். பிறகு வேன் வாங்க இருந்தவனுக்கு போன் போட்டு, வர வேண்டாம் என்றான்.

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பிள்ளைகளே, வண்டியைச் சோதிக்க டார்ச்சை எடுப்பதற்கு முன்னால், வாங்குகிறவரிடம் இந்த வண்டியை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அந்த வேலையை வண்டிக்குக் கொடுத்துப் பாருங்கள். இப்போது நான் ஒரு காரைப் பார்க்க அரை நாள் எடுத்துக்கொள்கிறேன். பாய்க்கு வயசாகிவிட்டது, ஒரு ஓகே சொல்ல இவ்வளவு நேரமா என்று சலித்துக்கொள்கிறார்கள். சலித்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒருவன் தன் வேனை விற்க இருந்தான்.