சுண்ணாம்பில் ஐந்து விரல்

டாக்டர் நடக்கச் சொன்னதால்தான் கண்மாய்க்கரைக்குப் போக ஆரம்பித்தேன். வேறு பெரிய காரணம் இல்லை. சர்க்கரை ஏறியிருந்தது. நாகல் நகரில் எங்கள் தெருவில் நடந்தால் ஆட்டோவுக்கும் பைக்குக்கும் ஒதுங்குவதிலேயே நேரம் போய்விடும். என் கணவரின் தம்பி, ஊருக்கு வெளியே ஒரு கண்மாயில் மீன் குத்தகை எடுத்திருந்தார். சுபுஹு தொழுதுவிட்டு அவருடைய குட்டியானை வண்டியில் ஏறிப் போய்க் கரையில் இறங்கிக்கொள்வேன். அவர் வலை பார்ப்பார். நான் கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பேன். திரும்பி வந்து குடும்பத்துத் தோல் கிடங்கில் சரக்கு சரிபார்க்கும் வேலை இருக்கும். அதற்கப்புறம் வீட்டுச் சமையல். நடந்து முடிக்கும்போதே அன்றைய நாள் முழுவதும் முடிந்ததுபோலக் களைப்பாக இருக்கும்.

அந்த வருடம் நல்ல மழை. கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது. ஆற்றிலிருந்து வரும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடியது. அப்போதுதான் ஒரு காலையில் தண்ணீருக்கு மேல் ஒரு தலையைப் பார்த்தேன். முதலில் தண்ணிப்பாம்பு என்று நினைத்தேன். பாம்புக்கு அவ்வளவு அகலமான தலை இராது. தலைக்குப் பின்னால் தண்ணீர் இரண்டாகப் பிரிந்து வந்தது. முதுகு தெரியவில்லை.

உறுதியாகத் தெரியாமல் எதற்கும் பெயர் சொல்லமாட்டேன். கிடங்கில் வளர்ந்த பழக்கம் அது. வெள்ளாட்டுத் தோலைச் செம்மறி என்று ஒருமுறை தவறாகப் பிரித்துவிட்டால் அடுக்கு முழுவதையும் மறுபடி பிரிக்க வேண்டும். "இவ குழம்பைக் கூட ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் குழம்புன்னு சொல்லுவா" என்று என் கணவர் கேலி செய்வார். அதனால் சில வாரங்கள் யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கீரியை எனக்கு நன்றாகத் தெரியும். கரையோரக் கருவேலம் புதரில் இரண்டு இருந்தன. கீரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்த முடி, வாலும் புசுபுசுவென்று இருக்கும். இதுவோ தண்ணீரைவிட்டு ஏறும்போது எண்ணெய் தடவியதுபோல வழவழவென்று இருந்தது. வால் அடியில் தடித்து, நுனிக்குப் போகப் போகத் தட்டையாகச் சிறுத்தது. முகத்தில் பூனைக்கு இருப்பதைவிடக் கனமான மீசை. ஒன்று மட்டும் இல்லை, மூன்று இருந்தன. ஒன்றையொன்று சீட்டியடித்துக் கூப்பிட்டுக்கொண்டன.

தெளிவில்லாத ஒரு போட்டோ எடுத்துக் கனடாவில் இருக்கும் மகளுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அம்மா, இது மிங்க்! எங்க வீட்டுக்குப் பின்னாடி ஓடையில நான் பாத்திருக்கேன்."

"மிங்க் நம்ம நாட்டுல இல்லையாம். படிச்சுப் பாத்தேன்."

"அப்ப வந்திருக்கும்."

"விசா எடுத்தா வரும்?"

அவள் சிரித்தாள். அவள் பார்த்த மிங்க் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கீரி அளவுதான் இருக்குமாம். தனியாகத்தான் திரியுமாம். நீந்தும்போது முதுகு வெளியே தெரியுமாம். தாடையில் வெள்ளைத் திட்டு, வாலில் நிறைய முடி. எங்கள் கண்மாயில் இருந்ததற்கு இதில் ஒன்றும் பொருந்தவில்லை. இது நீர்நாய். மிங்குக்குத் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாக வந்திருக்க வேண்டும். பெயர் தெரிந்த அன்று மனதுக்குள் ஒரு சின்ன நிம்மதி. அது நீடிக்கவில்லை.

கொழுந்தனாரின் வலையில் ஓட்டை விழ ஆரம்பித்தது. கரையில் கட்லா மீனின் தலை மட்டும் கிடந்தது. மடைக்குப் பக்கத்தில் செதில் சிதறிக் கிடந்தது. அந்த மடையை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் காவல்காரர் இருந்தார். அறுபது தாண்டியவர். மனைவி இல்லை. கருப்பி என்று ஒரு கறுப்பு நாயும் அவரும்தான். ஒட்டன்சத்திரத்தில் மகள் இருந்தாள். மருமகன் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அவர்களுக்கு வீடு ஒற்றை அறை.

"மக வீட்டுல போயி இருக்கலாம்ல அண்ணே" என்று ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

"அங்க எங்க தாயி படுக்க, முட்டைக்கோசு மூட்டை மேலயா? இங்கன எனக்குன்னு ஒரு கூரை இருக்கு. இது போதும்" என்றார்.

அந்தக் கூரைக்குத்தான் ஆபத்து வந்தது. மீனைத் திருடுவது அவர்தான் என்று கொழுந்தனாருக்குச் சந்தேகம் விழுந்தது.

எங்கள் குடும்பத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்பு எப்போதும் இருப்பு இருக்கும். சாயங்காலம் கிடங்கைப் பூட்டும்போது வாசலுக்கு உள்பக்கம் சுண்ணாம்புத் தூளைச் சல்லடையில் சலித்துத் தூவிவிடுவார்கள். காலையில் திறந்ததும் கால்தடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் மாமனார் காலத்திலிருந்து இப்படித்தான். கொழுந்தனார் அதே சுண்ணாம்பை ஒரு சாக்கில் கொண்டுவந்து, மடைக்குப் போகும் கரைப் பாதையில் தூவிவிட்டார்.

மறுநாள் காலையில் வண்டியை நிறுத்தியதும் என்னைக் கூப்பிட்டார்.

"வாங்க மதினி, நீங்களே பாருங்க. நாளைக்கு நான் பொய் சொன்னேன்னு ஒருத்தரும் சொல்லக்கூடாது."

வெள்ளைத் தூளில் தடங்கள் தெளிவாக இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு கோடு, எதையோ தரையோடு இழுத்துப் போனதுபோல.

"நாய்க்காலா? நாய்க்கால். நடுவுல பாருங்க, மீன் மூட்டையை இழுத்துட்டுப் போயிருக்காரு. அவரு கால்தடத்தை அந்த மூட்டையே அழிச்சிருக்கும். கோடு எங்க போகுது? நேரா கொட்டகைக்கு. இதுக்கு மேல என்ன வேணும்?"

காவல்காரர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். "நான் மூட்டையை இழுக்க மாட்டேன் முதலாளி, தோள்ல தூக்கித்தான் பழக்கம்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார். அது கொழுந்தனாருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

"வெள்ளிக்கிழமை ஜும்மா வரைக்கும் இருங்க. அப்புறம் உங்க மூட்டையைத் தோள்ல தூக்கிக்கங்க."

நான் குனிந்து பார்த்தேன். முழங்கால் வலித்தது. தடத்தில் ஐந்து விரல். விரல்களுக்கு நடுவே சவ்வு படிந்த மெல்லிய வளைவுகூடத் தூளில் விழுந்திருந்தது. நாய் நடந்தால் நான்கு விரல்தான் பதியும். நடுக்கோடு மூட்டை இழுத்ததல்ல, வால் உரசியது. தடம் கொட்டகைப் பக்கம் போனதற்கும் காரணம் தெரியும். மடையோரத்தில் ஒரு தட்டைக்கல் இருக்கிறது. அவை அங்கே ஏறித்தான் உடம்பைத் துவட்டும், எச்சமிடும். அந்த மனிதருக்கு எதிராக இருந்த மூன்று சாட்சியும் நீர்நாயினுடையவை.

ஆனாலும் அன்று நான் வாயைத் திறக்கவில்லை. கொழுந்தனார் கெட்டவரில்லை. எதிரி யார் என்று தெரிந்துவிட்டால் சும்மா இருக்கமாட்டார், அவ்வளவுதான். பன்றிக்குப் போடும் கம்பிச் சுருக்கு எந்தத் தோட்டத்தில் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். காவல்காரரைக் காப்பாற்ற நான் சொல்லும் சொல்லே அந்த மூன்றையும் பிடித்துக் கொடுத்துவிடும். கிடங்கில் அன்று எண்ணியதையே மூன்று தடவை எண்ணினேன். ராத்திரி வெஞ்சனத்தில் உப்பு இல்லை என்று வீட்டில் சொன்னார்கள். ஒரு மனிதனை ஒட்டன்சத்திரத்து ஒற்றை அறைக்கு விரட்டிவிட்டு நான் காலையில் நீர்நாய் பார்த்துக்கொண்டு நடக்க முடியாது. அதில் யோசிக்க ஒன்றுமில்லை. அதன் பிறகு செய்ய வேண்டியதை நினைத்துத்தான் அலுப்பாக இருந்தது.

மறுநாள் கரையில் இறங்கியதும் கறுப்பு நாயைப் பக்கத்தில் கூப்பிட்டு, முந்தின சாயங்காலம் கொழுந்தனார் மறுபடி தூவியிருந்த சுண்ணாம்பில் நடக்க வைத்தேன்.

"தம்பி, இங்க வாங்க. இந்தத் தடத்துல எத்தனை விரல்னு சொல்லுங்க."

"என்ன மதினி, நாய்க்கு ஜோசியம் பாக்குறீங்களா?"

"எண்ணுங்க."

எண்ணினார். நான்கு. பக்கத்தில் இருந்த வேறு தடத்தைக் காட்டினேன். எண்ணினார். மறுபடியும் எண்ணினார். ஐந்து. அது நீர்நாய் என்று சொல்லித் தட்டைக்கல்லுக்கு அழைத்துப் போனேன். எச்சத்தை ஒரு குச்சியால் பிரித்துக் காட்டினேன். உள்ளே செதில், முள், நண்டோட்டுத் துண்டு. மீன் எண்ணெய் நாற்றம். அவர் தோளில் கிடந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"எத்தனை இருக்கு?"

"மூணு."

"எம்புட்டு திங்கும்?"

"நிறையத் திங்கும். பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப சுருக்கு வச்சிர வேண்டியதுதான்."

"அதைப் பிடிச்சா ஜெயிலு தம்பி."

"யாரு போயிச் சொல்லப் போறா?"

"நான்தான்" என்றேன்.

இத்தனை வருடத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. அவர் கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினார்: "ஏங்க, வெள்ளிக்கிழமை எங்கயும் போக வேணாம். இங்கயே இருங்க. ஆனா காலையிலயும் சாயங்காலமும் டின்னைத் தட்டணும். ஒண்ணும் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. காவல்காரரும் அதை எதிர்பார்க்கவில்லை. கொட்டகைக்குள் போய், அதற்குள் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை மறுபடி ஆணியில் மாட்டினார். அந்தச் சத்தம் கரைவரை கேட்டது.

அதற்குப் பிறகு தினமும் பொழுது விடியும்போது எண்ணெய் டின் சத்தம். தலைகள் முதலில் எதிர்க்கரைக்கு ஒதுங்கின. பிறகு வாய்க்கால் முனையில் மட்டும் தெரிந்தன. தண்ணீர் வற்றத் தொடங்கியபோது அங்கேயும் தெரியவில்லை. கொழுந்தனார் வலையைத் தைத்து முடித்தார். அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இப்போதும் நடக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருப்பதாக டாக்டர் சொல்கிறார். முழங்கால் வலி இறங்கவில்லை. சுண்ணாம்புச் சாக்கில் மிச்சம் இருப்பதைக் காவல்காரர் சாயங்காலம் மடைப்பாதையில் இன்னும் தூவுகிறார். யாரும் சொல்லவில்லை, அவராகத்தான் செய்கிறார். காலையில் என்னைக் கண்டதும் டின்னைக் கீழே வைத்துவிட்டு வருவார்.

"அதுக எங்க போயிருக்கும் தாயி?"

"ஆத்துக்குத்தான் போயிருக்கும் அண்ணே."

"ஆத்துலதான் தண்ணி இல்லையே."

இருவரும் பாதையைக் குனிந்து பார்ப்போம்.

"நான் விடியமுன்னயே பாத்துட்டேன் தாயி" என்பார். "எல்லாம் நாலு விரல்தான். நம்ம கருப்பிதான்."