கழிவு நாற்பது

பரிசல் துடுப்பு முகத்தில் பட்டால் சத்தம் அதிகம் வராது. ஈரத் துணியைக் கல்லில் அறைந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். என் தம்பியின் முன்பற்கள் இரண்டு அப்படித்தான் போயின. தைப் பொங்கலை ஒட்டி வரும் பூப்பொங்கலன்று எங்கள் ஊர் ஆற்றில் நடக்கும் பரிசல் போட்டி முடிந்த கையோடு, படித்துறையில், எனக்கு நாலடி தள்ளி.

எங்கள் ஊர் காவிரிக் கரையில் இருக்கிறது. கீழே கதவணை இருப்பதால் தை மாதத்திலும் தண்ணீர் ஏரி மாதிரி நிற்கும். இந்தக் கரையில் கிளம்பி, எதிர்க்கரையில் கொடி நட்ட பாறையைச் சுற்றி வந்து, முதலில் படியைத் தொடுகிறவனுக்கு மாலை. போட்டிக்கு வருகிறவர்கள் தறி ஓட்டுகிறவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், தோட்டக்காரர்கள். வருடத்தில் ஒருநாள் துடுப்புப் பிடிக்கிறவர்கள். அவர்களோடு ஒரு மீன்காரரும் வருவார். தினமும் பரிசலில் போய் வலை போட்டுப் பிழைக்கிறவர். வருடா வருடம் அவர்தான் ஜெயிப்பார். வருடா வருடம் தோற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள். ஒருமுறை ஒருவருக்குக் காது கிழிந்து தொங்கியது. இன்னொரு முறை சங்ககிரியிலிருந்து வந்திருந்த டிரைவர் ஒருவர் வீல் ஸ்பேனரோடு படியில் இறங்கினார். கடைசியாக என் தம்பி, மீன்காரர் குறுக்கே விட்டு மறித்தார் என்று அவர் கழுத்தைப் பிடித்தான். அவர் கையில் துடுப்பு இருந்தது. வீசிவிட்டார்.

தம்பி வாயைத் துடைக்கவில்லை. ரத்தம் சட்டையில் வழிய, படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னான்:

“அடுத்த வருசம் உன்ற கைய ஒடைக்கறனா இல்லயா பாரு. சோத்துக்கைய.”

மற்றவர்கள் அதைக் கோபத்தில் பேசியது என்று விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. சின்ன வயதில் தன்னைக் கொத்திய சேவலை மூன்று நாள் காத்திருந்து கழுத்தைத் திருகியவன் அவன். மீன்காரருக்கோ அந்தக் கைதான் சோறு. அது போனால் அவர் வீடு பட்டினி, என் தம்பிக்கு ஜெயில்.

நான் கடலை மண்டியில் எடை போடுகிறவன். அங்கே ஒரு பழக்கம் உண்டு. மூட்டையைத் தராசில் வைத்து வருகிற எடையை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு என்று கழித்த பிறகு நிற்பதுதான் உண்மையான கடலை. கழிப்பதற்குக் கழிவு என்று பெயர். போட்டியிலும் அப்படிச் செய்தால் என்ன என்று ஒருநாள் தராசுக்கு முன்னால் நிற்கும்போது தோன்றியது. மீன்காரருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை முதலிலேயே கழித்துவிட்டால், யார் ஜெயிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. மறித்தான், ஏமாற்றினான் என்ற பேச்சும் வராது.

கூட்டத்தில் பேச எனக்கு வராது. ஒரு தாளில் எழுதி விழாக்குழுத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா தாள்ல கழிச்சு இவன்தான் ஜெயிச்சவன்னு சொன்னா எவனும் ஒத்துக்க மாட்டானுங்க. கண்ணால பாக்கோணும்” என்றார்.

அதனால் கிளம்புவதிலேயே கழிப்பது என்று முடிவாயிற்று. மெதுவானவர் முதலில் கிளம்புவார். மீன்காரர் கடைசியில்.

மார்கழியில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, போட்டிக்குப் பெயர் கொடுத்த ஐந்து பேரையும் ஓட்டவிட்டு செல்போனில் நேரம் பிடித்தேன். மூன்றில் எது நல்ல நேரமோ அதை மட்டும் எடுத்துக்கொண்டேன். கழிவு கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுகிறவனும் இருப்பான். கடலைக்குத் தண்ணீர் தெளித்து எடை ஏற்றுகிறவர்களை நான் நிறையப் பார்த்தவன். தம்பி அப்படிச் செய்யவில்லை. மூன்று தடவையும் உயிரைக் கொடுத்து ஓட்டினான். மூன்றாவது தடவை கரையேறி வாந்தி எடுத்தான். மீன்காரரைவிட நாற்பது வினாடி பின்னால் இருந்தான்.

பூப்பொங்கலன்று காலையில் கரும்பலகையில் எழுதி வைத்தேன். பரிசல் எண் ஒரு பக்கம், கழிவு என்று தலைப்புப் போட்டு அதற்குக் கீழே எண்கள் ஒரு பக்கம். மீன்காரருக்கு நேராகக் கழிவு இல்லை. தம்பிக்கு நேராக நாற்பது. மற்ற மூவருக்கும் அதைவிடக் குறைவு. மண்டியில் நாளெல்லாம் எழுதுகிற வார்த்தை. வேறு ஒரு அர்த்தம் அதற்கு உண்டு என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மைக் பிடித்தவர் அதைப் படித்தார். “மூணாம் நம்பர் பரிசல், கழிவு நாப்பது.”

படியில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஏப்பா, சாக்குக்கு ரெண்டு கழிப்பாங்க. ஆளுக்கே நாப்பதா?”

“கழிவுன்னா குப்பை வண்டியிலல்ல ஏத்தோணும். பரிசல்ல எதுக்குடா ஏத்தறீங்க?”

தம்பி கூட்டத்தை இடித்துக்கொண்டு என்னிடம் வந்தான்.

“என்னத்தண்ணா எழுதி வச்சிருக்கற?”

“மண்டியில எழுதறதுதான்டா.”

“நான் மூட்டையா?”

சாக்கட்டி என் கையில்தான் இருந்தது. அழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம். மைக்கில் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் தம்பியைக் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

அவன் துடுப்பால் தண்ணீரை அடித்த அடி ஓட்டுகிற அடியாக இல்லை. அடுத்தடுத்து மற்ற மூவரும் கிளம்பினார்கள். நாற்பது முடிந்ததும் மீன்காரர் கிளம்பினார். பாறைக்குப் பக்கத்தில் இரண்டாவதாக வந்த தோட்டக்காரர் தம்பியை ஒட்டி வந்தார். தம்பி துடுப்பைத் திருப்பி அவர் விலாவில் குத்தினான். அவர் மல்லாந்து தண்ணீரில் விழுந்தார். அவரைத் தூக்க ஒரு படகு போயிற்று. தம்பி திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் பாதி ஆற்றுக்கு வரும்போது மீன்காரர் மற்றவர்களை எல்லாம் தாண்டிவிட்டார். பிறகு இரண்டு பரிசல்கள்தான் தெரிந்தன. கரை நெருங்க நெருங்க நடுவில் இருந்த தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் அரைப் பரிசல் தூரம் முந்தி தம்பி படியைத் தொட்டான். மேளம் அடித்தார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று பிடித்த கணக்கு அரைப் பரிசலில் வந்து நின்றதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மீன்காரர் மூச்சு வாங்க இறங்கி வந்தார். தம்பியிடம் கையை நீட்டினார்.

“நல்லா வந்தீங்க தம்பி. அண்ணன் போட்ட கழிவு சரியாத்தான் இருந்துச்சு.”

அவர் மனசாரச் சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆனால் அந்த வார்த்தையைக் கேட்டதும் படி முழுக்கச் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள்.

தம்பி துடுப்பை ஓங்கினான். ஒரு வருடமாக நான் பயந்துகொண்டிருந்த அடி. நீட்டிய கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. நான் குறுக்கே போய் விழுந்தேன். முதல் அடி என் தோளில் பட்டது. அது மீன்காரருக்கு வைத்த அடி. கீழே கிடப்பது யார் என்று தம்பி பார்த்தான். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு இரண்டாவது அடியை அடித்தான். அது எனக்கு வைத்தது. முன்கை எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது.

மூன்றாவது அடிக்குள் மீன்காரர் அவனைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டார். கழுத்தில் முழங்காலை வைத்து, வலது கையால் பின்தலையைப் பிடித்து, கடைசிப் படியில் தண்ணீருக்குள் அமுக்கினார். ஏற்கெனவே அவன்மேல் ஆத்திரத்தில் இருந்தவர்கள் சுற்றி நின்று முதுகிலும் இடுப்பிலும் உதைத்தார்கள். தம்பியின் கால்கள் முதலில் உதறின. பிறகு மெதுவாக அசைந்தன.

விடுங்க, செத்துருவான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. ஒரு கை வேலை செய்யவில்லை. இன்னொரு கையால் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிழிந்துதான் வந்தது. தம்பியின் பின்தலையை அமுக்கிய கைதான் எனக்கு எதிரில் இருந்தது. குனிந்து கடித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, சதையில். அவர் கத்தினார். நான் விடவில்லை. வாய்க்குள் ஏதோ நறுக்கென்றது. அவர் கையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் நான் விடவில்லை என்று பிறகு சொன்னார்கள்.

தம்பி பிழைத்தான். மூன்று பேரையும் ஒரே வேனில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மீன்காரர் கையைப் பார்த்த நர்ஸ், “எந்தூர் நாய்ங்க?” என்று கேட்டார். மீன்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“மனுசன்தானுங்க” என்றார்.

மனுஷன் கடி நாய்க்கடியைவிட மோசம் என்று டாக்டர் சொன்னார். அப்படித்தான் ஆயிற்று. என் கை ஆறு வாரத்தில் கூடிவிட்டது. அவர் கை சீழ் வைத்தது. மூன்று தடவை அறுத்துச் சுத்தம் செய்தார்கள். புண் ஆறியபோது கட்டைவிரல் மடங்கவில்லை. கட்டைவிரல் மடங்காத கையால் துடுப்புப் பிடிக்க முடியாது.

பங்குனியில் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து இடது கையால் வலை முடிச்சுப் போட முயன்றுகொண்டிருந்தார். போகும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது எதுவும் வாயில் வரவில்லை. அவர் தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“உங்க தம்பி அடிச்சிருந்தா எலும்புதானுங்க ஒடைஞ்சிருக்கும். எலும்பு கூடிக்கும்.”

பிறகு முடிச்சை அவிழ்த்து மறுபடியும் ஆரம்பித்தார்.