உப்பல் பாம்பு

விளையாட்டுகளை வடிவமைப்பது என் தொழில். புதிதாக வருகிற பிள்ளைகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "யோசனையை வெளியே சொன்னா யாராவது திருடிட மாட்டாங்களா?" எனக்குச் சிரிப்பு வரும். சிறுமியாக இருந்தபோது நான் இவர்களைவிடக் கெட்டி. என் யோசனையைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

அது ஒரு பரமபதம். குகட்பள்ளியில் எங்கள் ஹவுசிங் போர்டு காலனியில் கிளம்பி, ஊரின் ஐ.டி. கம்பெனிகள் எல்லாம் இருக்கிற ஹைடெக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்தால் ஜெயம். காலியாக வரும் பஸ் ஏணி. தோண்டிப் போட்ட ரோடும், 'சொல்லி அனுப்பறோம்' என்கிற இன்டர்வியூ அதிகாரியும் பாம்புகள். அதிகாரியைத் தந்தது எங்கள் மாமாவின் அனுபவம். அம்மாவின் தம்பியான அவர், கோயம்புத்தூரிலிருந்து வேலை தேடி வந்து எங்கள் ஹாலில் படுத்துக்கொண்டு, அமீர்பேட்டையில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தார்.

என் கெட்ட நேரம், அம்மா அந்தத் தலையணையை மாமாவுக்குக் கொடுத்துவிட்டாள். காதருகே ஏதோ சரசரக்கிறதே என்று அவர் உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டார். அவரிடம் போன் நம்பர் தப்பாக அச்சாகி வீணான பயோடேட்டா கட்டு ஒன்று இருந்தது. அதன் பின்பக்கத்தில் என் பரமபதத்தை ஜெராக்ஸ் எடுத்து, காலனிப் பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்துவிட்டு வந்தார்.

"நல்லா இருந்துச்சு கண்ணு, எல்லாரும் ஆடட்டுமேன்னுதான்" என்றார். நான் அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

காலனியில் அக்கிரமம் நடந்தது. "இந்தப் பாம்பு நக்கோ, வேணாம்" என்று ஒருவன் அழிப்பான். இன்னொருத்தி தன் வீட்டு வாசலிலிருந்து ஏணி போட்டுக்கொள்வாள். நான் வீடு வீடாகப் போய்ச் சண்டை பிடித்தேன். எதை அழிக்கிறார்கள் என்று கவனித்திருந்தால், ஆட்டம் எங்கே சலிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். யார் அழிக்கிறார்கள் என்பதை மட்டுமே கவனித்தேன்.

அந்தக் கோடை விடுமுறையில் நகரத்தின் மறுகோடியில் இருக்கிற உப்பலில் அப்பாவின் நண்பர் வீட்டுக்குப் போனோம். மாமாவும் வந்தார். தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம் அது. அவர்கள் பெண் ஆடலாம் என்று ஒரு தாளை விரித்தாள். என் பரமபதம்! ஆனால் யாரோ ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது. கிளம்பும் இடம் உப்பல் என்றிருந்தது. அவசரமாகத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் மாமாவின் பயோடேட்டா இல்லை, பழைய காலண்டர்தான் இருந்தது.

"இது நான் கண்டுபிடிச்சது" என்றேன்.

"ஹவ், ஆமா, எங்க ஸ்கூல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காய் வை."

ஆவேசமாக ஆடினேன். ஜெயிக்கப் போகும் நேரத்தில், நான் வரையாத பாம்பு ஒன்று வாயைத் திறந்துகொண்டிருந்தது. 'வேலைக்கு ஆர்டர் வந்தது, கம்பெனியைக் காணோம்' என்று அதன் மேல் எழுதியிருந்தது. நேராக முதல் கட்டத்துக்கு இறக்கிவிட்டது. என் ஆட்டத்திலேயே நான் தோற்றேன்.

திரும்பும் பஸ்ஸில், பேச்சை நிறுத்தியிருந்ததையும் மறந்து அழுதுகொண்டே மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாகி, பக்கத்து சீட்டில் இருந்த தமிழ் தெரியாத பெரியவரைத் தட்டி, "என்ற அக்கா பொண்ணோட ஆட்டமுங்க! உப்பல் வரைக்கும் போயிருச்சுங்க!" என்றார்.

திருட்டுப் போனதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிற மனிதருக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீடு திரும்பியதும் என் தாளில் இருந்த பாம்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் நான் வரைந்தவை. யாரோ வரைந்த அந்த உப்பல் பாம்பின் அழகு இவற்றில் ஒன்றுக்குக்கூட இல்லை என்பது மட்டும் எனக்கு அப்போது தெரியவில்லை.