இரண்டு தும்மல், ஒரு ஹாரன்

சோலையப்பன் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு, மௌஸை இடக்கையால் பிடிக்கிறார். மூன்று சுற்று, மேலே ஒரு இழுப்பு. பிறகு தும்மலுக்காகக் காத்திருக்கிறார். இரண்டு வர வேண்டும். ஒன்றோடு நின்றுவிட்டால், "போச்சு, மொதல்லேருந்து" என்று பக்கத்தை மூடிவிடுகிறார்.

பொன்னமராவதி பேருந்து நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். மனைவி பரிமளா ஜெராக்ஸ் எடுப்பார். சோலையப்பனுக்குத் தூசி ஆகாது. கீபோர்டைப் பல் துலக்கும் பிரஷால் தேய்ப்பார். வாடிக்கையாளர் எழுந்த சூடு ஆறுவதற்குள் நாற்காலியைத் துடைத்துவிடுவார்.

என் தம்பி வசந்த் மஸ்கட் கிளம்பும் முன் இங்கே உட்கார்ந்துதான் நாலு நிமிடம் பேசிப் பதிந்து, அந்தக் கோப்பைப் பூட்டினான். பிரவுசரில் ஒரு பக்கத்தைத் திறந்து, பட்டை நிரம்பும்வரை மௌஸை இஷ்டத்துக்கு ஆட்ட வேண்டும். அந்த ஆட்டத்திலிருந்து இரண்டு சாவிகள் பிறக்கும். ஒன்று பூட்டும், மற்றது திறக்கும். திறக்கும் சாவி அந்த பிரவுசரிலேயே தங்கிவிடும். அவன் ஆட்டியபோது நான் வாசலில் நின்று யாரோடோ போன் பேசிக்கொண்டிருந்தேன். பூட்டிய கோப்பைப் பென் டிரைவில் போட்டு, வழக்கம்போல இடக்கையால் நீட்டினான். "திரும்பி வந்து தொறந்து காட்டுறேன்க்கா."

ஆவணியில் பெட்டியில் வந்தான்.

புரட்டாசியில் ஆயுத பூஜை. சோலையப்பன் கம்ப்யூட்டர்களை வெளியே துணியால் துடைத்தார். உள்ளேயும் விட்டுவைக்கவில்லை, பிரவுசரில் சேர்ந்துகிடந்த அத்தனையையும் அழித்துவிட்டு, மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். ஐப்பசியில் பென் டிரைவோடு நான் போய் நின்றபோதுதான், என்ன அழிந்தது என்று அவருக்குத் தெரிந்தது. "பொட்டு வச்ச கையாலயே தொடச்சுத் தள்ளிட்டேனே ஆத்தா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பென் டிரைவை வாங்கி வைத்துக்கொண்டு, மறுநாளே ஆட்ட ஆரம்பித்தார். வசந்த் ஆட்டிய மாதிரியே ஆட்டினால் அதே சாவி பிறந்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. அன்று பக்கத்தில் நின்றவர் அவர்தான். அவன் இரண்டு முறை தும்மியதும், திருச்சி பஸ் ஹாரனுக்கு அவன் கை துள்ளியதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதனால் தினமும் நாலு பத்து பஸ்ஸுக்குத் தயாராக இருப்பார். ஒருநாள் டிரைவர் ஹாரன் அடிக்காமலே கிளம்பிவிட, பின்னாலேயே ஓடினார். "ஒரே ஒரு தடவ அடிச்சுட்டுப் போங்கண்ணே, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

கை பழகுவதற்காகப் பேனாவும் டீ கிளாஸும் இடக்கைக்கு மாறின. ஆதார் பிரிண்ட் வாங்க வந்த மீனம்மாள் எரிந்து விழுந்தார்: "காசு வாங்குறப்ப சோத்தாங்கை, காயிதம் குடுக்குறப்ப பீச்சாங்கையா? நல்லாருக்கே ஒங்க மரியாத!"

பரிமளா ஜெராக்ஸ் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்வார்: "ஆறு மாசமாக் கடையிறாரு. இன்னும் வெண்ண தெரளல."

படித்தவள் என்கிற முறையில் நான் சோலையப்பனுக்கு விளக்கிப் பார்த்தேன். மௌஸ் மயிரிழை பிசகினாலும் வேறு சாவிதான் வரும். கம்ப்யூட்டர் தன் பங்குக்கும் எதையோ கலக்கும். கோடி கோடி வருடம் ஆட்டினாலும் அது வராது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"கோடி வருசமா?"

"கோடி கோடிண்ணே."

"ஆகட்டும் ஆத்தா. கட ஒம்பது மணி வரைக்கும் தொறந்துதான இருக்கு."

நேற்று மதியம் போனபோது அவர் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்.

"பொடி ஒத்துக்கல. ரத்தம் நிக்க மாட்டேங்குது" என்றார் பரிமளா. "சொன்னாக் கேக்குறாரா இந்த மனுசன்?"

"போதும்ண்ணே. பென் டிரைவைக் குடுங்க" என்றேன்.

சோலையப்பன் திறந்திருந்த பக்கத்தை மூடினார். "ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். கோவிச்சுக்காத" என்றார், பஞ்சுக் குரலில். பிறகு பென் டிரைவை உருவி, தோள் துண்டால் இரண்டு பக்கமும் துடைத்து, இடக்கையால் நீட்டினார்.

பரிமளா தொண்டையைச் செருமினார். சோலையப்பன் பதறிப்போய் அதை வலக்கைக்கு மாற்றினார். மாற்றியவர், கொடுக்காமல் ஒரு கணம் நின்றார். பிறகு மறுபடி இடக்கைக்கு மாற்றி, என் முன் நீட்டினார்.