இரண்டு ராத்திரிப் பை

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் சின்னக்கண்ணுவின் தையல் கடை. பள்ளிக்கூடப் பைகளுக்கு ஜிப் மாற்றித் தருவது பிழைப்பு. ஆனால் ஆட்கள் அவனைத் தேடி வந்தது வேறொன்றுக்கு. மலைக்கு வேட்டைக்குப் போகிறவர்களுக்குத் தார்ப்பாயில் முதுகுப்பை தைத்துக் கொடுப்பான். வேட்டை குற்றம் என்பது அவனுக்கும் தெரியும். தெரிந்தே வருஷம் ஒருமுறை, தை பிறந்ததும், அவனும் போய் வருவான்.

"எத்தினி ராத்திரி?" என்று மட்டும்தான் கேட்பான். ஒரு ராத்திரிக்கு ஒரு முழ உயரம். இரண்டு என்றால் அதற்கு மேல் நாலு விரல். மூன்று ராத்திரிக்குப் பை கேட்டால் தைக்க மாட்டான். "மூணு ராத்திரி தங்கறவன் வேட்டைக்காரன் இல்ல, குடித்தனக்காரன்" என்பான். மலையில் மரவள்ளி பிடுங்கப் போகிற கூலிக்காரன் முதுகில் அந்த அளவுப் பைதான் இருக்கும். அதைவிடப் பெரிதாக இருந்தால் வனத்துறைக்காரர்கள் நிறுத்திக் கேட்பார்கள். ஏறும்போது பை பாதி காலியாகவும் இருக்க வேண்டும், இறங்கும்போது கறிப் பங்கு அதில்தான் வரும். பதினைந்து வருஷமாக இந்தக் கணக்கு பிசகியதில்லை.

போன தையில் தங்கச்சி கலையரசியின் புருஷன் ராசுவும் வருகிறேன் என்றான். கரும்பு வெட்டுகிற ஆள். சர்க்கரை வியாதி வந்து இரண்டு வருஷம். மாத்திரையும் வயலும் தவிர வேறெதையும் பார்க்காதவனுக்கு ஒருமுறை மலை ஏறிப் பார்க்க ஆசை. புறப்பட்ட அன்று, மகனின் பழைய கல்லூரிப் பையை உப்ப உப்ப அடைத்துத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"இன்னா மாப்ள, வேட்டைக்கு வர்றியா, சீர் எடுத்துக்கினு போறியா?"

"உன் தங்கச்சிதான் மச்சான். ஒண்ணு எடுத்தா ரெண்டு வெக்கிறா."

"எறக்கு கீழ. அந்த மூட்டையப் பாத்தாலே மலை எறங்கி ஓடிடும்."

வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த சடையன் சிரித்தான். அவன்தான் வழி தெரிந்தவன். மூன்று பேர், இரண்டு நாய்கள், அவ்வளவுதான் கூட்டம்.

சின்னக்கண்ணு தான் தைத்த பையை எடுத்து வைத்து, ராசுவின் பையிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றினான். துண்டு, அரிசி, புளிச்சோறு, மாத்திரை அட்டை எல்லாம் உள்ளே போயின. ரஸ்க் பொட்டலங்கள், குளுக்கோஸ் டப்பா, ஒரு சம்படம் நிறையக் கடலை உருண்டை, இவை போகவில்லை. அதற்குள் பாதிப் பை நிரம்பிவிட்டது, மீதிப் பாதி கறிக்கு.

"உருண்டையாவது வெச்சிக்கலாம் மச்சான். கெறக்கம் வந்தா வாயில போடச் சொன்னா."

"சக்கரக்காரனுக்கு உருண்டையா? ரெண்டு ராத்திரி மாப்ள. மூணாம் நாள் மத்தியானம் உன் வூட்ல சோறு."

ராசு சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டான். லேசாக இருக்கிறது என்றான்.

இரண்டாம் நாள் இரண்டு முயல்கள் வலையில் விழுந்தன. மூன்றாம் நாள் காலை இறங்கும்போது, கீழே பாதை முகப்பில் வனத்துறை ஜீப் நின்றுகொண்டிருந்தது. திரும்பிப் பாறை இடுக்குக்குள் உட்கார்ந்தார்கள். அன்று அது நகரவில்லை. மறுநாளும் நகரவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது. முயல் பைக்குள்ளேயே கிடந்தது. அடுப்பு மூட்டினால் புகை காட்டிக் கொடுத்துவிடும். மூவரும் சுனைத் தண்ணீரைக் குடித்தார்கள். ராசு மட்டும் அந்தத் தண்ணீரோடு காலையிலும் சாயங்காலமும் மாத்திரையைப் போட்டுக்கொண்டான். "ஒரு வேளை தப்புனாலும் கலையரசி கொன்னுடுவா" என்றான்.

நாலாம் நாள் மத்தியானம் அந்தக் குளிரிலும் ராசுவுக்குச் சட்டை நனைய வியர்த்தது. கை நடுங்கியது. கரும்பு வயலில் நிற்பதாக நினைத்து யாரையோ திட்டினான். சடையன், காத்து கருப்பு பட்டிருக்கும் என்று மண்ணெடுத்து நெற்றியில் பூசினான்.

"எறக்கிடலாமா?" என்று சடையன் கேட்டான்.

"ஜீப்பு நிக்குதே. இருட்டட்டும்" என்றான் சின்னக்கண்ணு.

இருட்டுவதற்குள் ராசு பேச்சை நிறுத்திவிட்டான். வலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு அந்த ஜீப்புக்கே போனார்கள். வனத்துறைக்காரர்கள் எதுவும் கேட்கவில்லை. பின்சீட்டில் படுக்க வைத்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். வழக்கெல்லாம் பிறகு வந்தது.

விடிவதற்கு முன் ராசு இறந்துபோனான். டாக்டர் சின்னக்கண்ணுவைத் தனியே அழைத்தார். "சாப்பிடாம மாத்திரை மட்டும் போட்டாரா? சர்க்கரை அடியோட எறங்கிப் போச்சு. இனிப்பா ஏதாவது ஒரு வாய் குடுத்திருந்தா..." என்று சொல்லிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அன்று சின்னக்கண்ணு கடைக்குப் போய், அங்கேயே விட்டுப் போன அந்த உருண்டைகளை, ரஸ்க்கை, குளுக்கோஸை எல்லாம் வாய்க்காலில் கொட்டினான். அந்தப் பழைய கல்லூரிப் பையைக் கொளுத்தினான். யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்தபோது கலையரசி கேட்டாள்: "நான் கட்டிக் குடுத்தத சாப்ட்டாராண்ணே?"

"சாப்ட்டான்மா. நல்லா சாப்ட்டான்."

அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தான். அவள் முகம் வெளுத்துப் போனதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டான்.

காரியம் முடிந்த மறுநாள்தான் விஷயம் புரிந்தது. அவள் சுவரில் சாய்ந்தபடி, துக்கம் கேட்க வந்த ஜெயம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சக்கர ஏறித்தான் போயிட்டாரு. நர்ஸம்மா படிச்சிப் படிச்சி சொல்லிச்சி, இனிப்பு ஜாஸ்தி ஆவக்கூடாதுன்னு. ஒரு சம்படம் உருண்டை புடிச்சிக் குடுத்தேனே. நாலு நாளும் அதத்தான தின்னுருப்பாரு. நாந்தான் கொன்னுட்டேங்க்கா."

ஜெயம்மாள் போகும்வரை சின்னக்கண்ணு நின்றிருந்தான். பிறகு தங்கச்சி எதிரே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பையை மாற்றியதை, எடுத்து வைத்ததை, டாக்டர் சொன்னதை, இருட்டட்டும் என்றதை.

கலையரசி கடைசிவரை கேட்டாள். புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"வுடுண்ணே. என் மனசு ஆறணும்னு இப்பிடிச் சொல்ற."

"சத்தியமாம்மா."

"அன்னிக்கி நீதான சொன்ன, நல்லா சாப்ட்டான்னு. செத்த வூட்ல நீ பொய் சொல்ல மாட்ட."

சடையனைக் கூட்டிவந்து சொல்ல வைத்தான். அவன் போனதும், "நீ சொல்லச் சொன்னா அவரு சொல்ல மாட்டேன்னுடுவாரா?" என்றாள். உருண்டை எங்கே, காட்டு என்று கேட்டிருந்தாலும் காட்ட அவனிடம் ஒன்றுமில்லை.

தண்ணீர்க் குழாயடியில் கலையரசி சொல்லியிருக்கிறாள், என் பாவத்தை எங்கண்ணன் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்க்குது என்று. இப்போது கடை வழியாகப் போகிற பெண்கள் அவனைப் பார்த்தால் நின்று, "சாப்ட்டீங்களாண்ணா?" என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். அவன் தலையாட்டுகிறான். கலையரசி ஒரு வேளைச் சோற்றோடு நிறுத்திக்கொண்டாள். நாளுக்கு நாள் எலும்பாகிக்கொண்டு வருகிறாள். எவ்வளவு சொன்னாலும் நம்புவதில்லை.