வான்கோழிட மொகம்

நேத்து மதுரங்குளி டவுன்ல ஃபோன் கடைக்காரர் என்ட ஃபோன வாங்கிப் பாத்திட்டு, "உம்மா, எடமே இல்ல, நெறஞ்சி போயிரிக்கி. இந்தக் கோழிப் படங்கள அழிச்சி உடட்டா?" எண்டு கேட்டார். "கோழி இல்ல மனே, வான்கோழி. அதத் தொட வாணாம்" எண்டு புடுங்கிக்கிட்டு வந்துட்டன். பஸ்ஸுக்குள்ள எனக்கு ஒரே சிரிப்பு. பக்கத்துல இருந்த பொம்புள தள்ளி இருந்துக்கிட்டா.

எனக்கு எழுத்து வாசிப்பு ஒண்டும் இல்ல. ஆனா படம் புடிப்பன். ஆசைக்குப் பழகினது இல்ல அது. என்ட மகள் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன காலம். அந்த வீட்டுக்காரிக்கு ஃபோன்ல சத்தம் கேக்கப்படாது, கேட்டாப் புடுங்கிருவா. எனக்கோ எழுதத் தெரியாது. மகள்தான் சொன்னா, "உம்மா, கதைக்க ஏலா. படம் போடுங்க, நான் ஒளிச்சிப் பாக்குறன்" எண்டு. அவள் பாத்தா படத்துக்குக் கீழ ரெண்டு கோடு நீலமா மாறும். நீலம் உழுந்தா என்ட புள்ள நல்லா இரிக்கா. மீன் ஆயிற படம், கெணறு, என்ட தங்கச்சி கொறட்ட உடுற படம் எல்லாம் போட்டன்.

பொறகு ஒரு நாள் நீலம் உழல்ல. அடுத்த நாளும் இல்ல. அதுக்கு முந்தி, வீட்டுக்காரி இல்லாத நேரம் ஒருக்காக் கதைக்கக்குள்ள, "எனக்கு ஒண்டும் பாக்க ஆச இல்ல உம்மா" எண்டாள். அழவும் இல்ல. அழுற புள்ளையத் தேத்தலாம், அழாத புள்ளைய என்ன செய்ற. ஸ்டூடியோ வெச்சிரிக்கிற நானாக்கிட்ட, எனக்கு அண்ணன் மொற, ஓடினன். "படம் போய்ச் சேந்திரிக்கி. தொறக்காமலே சின்னதாத் தெரியும், அவதான் தொறக்குறா இல்ல" எண்டார்.

தொறக்க ஆச வரணும். என்னத்தப் பாத்தா ஆச வரும்? அப்பதான் வான்கோழி நெனப்பு வந்திச்சி.

எங்கட பக்கத்து வளவுல மன்னார்ல இருந்து சண்டைக்கு இடம்பெயந்து வந்த குடும்பம் ஒண்டு இருந்திச்சி. அவங்கட சேவல் வான்கோழி என்ட மகளக் கண்டாப் போதும், செட்டைய விரிச்சித் தொரத்தும். அவள் கொளகொளகொள எண்டு அதுட சத்தத்த அதுக்கே போட்டுக் காட்டிட்டு ஓடுவாள். சண்ட முடிஞ்சி அவங்க ஊருக்குத் திரும்பிப் போகக்குள்ள அதுகளப் புடிக்க ஏலாம உட்டுட்டுப் போயிட்டாங்க. அதுகள் களப்பு உப்புத்தண்ணிக் கரைல உடைமர முள்ளுக் காட்டுக்குள்ள போய் குஞ்சு பொரிச்சி, காட்டுச் சாமானாவே மாறிட்டுது.

போனன். கிட்டப் போனா ஓடுது, தூரத்துல எடுத்தா ஈ மாதிரித் தெரியிது. முள்ளுப் பத்தைக்குள்ள இருட்டு எண்டு ஃபோன் லைட்டப் போட்டன், காடே கலைஞ்சிச்சி. நானா சொன்னார், "லைட் போடாதீங்க. காலம்பற வெயில ஒங்கட முதுகுக்கு வெச்சிட்டுச் சும்மா இருங்க. அதுவா வரும்." தங்கச்சி, "ராத்தா கோழிக்குக் கலியாணப் படம் புடிக்கப் போறா" எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சா.

ஒவ்வொரு நாளும் விடிய சுபஹு தொழுதுட்டுப் போய் முள்ளுக்குள்ள குந்தினன். வரல்ல. ஒரு நாள் எறும்புப் புத்துக்கு மேலயே குந்திட்டன். எழும்பினா கோழி ஓடிரும் எண்டு கடிச்சதெல்லாம் பொறுத்துக்கிட்டு, யா அல்லாஹ், என்ட புள்ளைய ஒருக்காப் பாக்க வெச்சிரு எண்டு அழுதன். அந்த அழுகைல எதுல கை பட்டிச்சோ, ஃபோனுக்குள்ள என்ட மூஞ்சி தெரியிது. மாத்தத் தெரியல்ல. ஃபோனையே பத்தைப் பக்கம் திருப்பிப் புடிச்சன்.

அந்த நேரம் பாத்துப் பத்தைக்குள்ளால வந்த சேவல் நிண்டு பாத்திச்சி. ஃபோன் கண்ணாடிக்குள்ள இன்னொரு சேவல் நிக்கிது எண்டு நெனச்சிட்டுதாக்கும். செட்டைய விரிச்சிக்கிட்டு நேரா வந்திச்சி. வெயில் அதுட மொகத்துல பட்டு, நீலமும் செவப்புமா, மூக்குல தொங்குற சதை ஆடுது. என்ட கைக்கு வந்துட்டுது. ஃபோன்ட பக்கத்துல படம் எடுக்குற கட்டைய அமத்திக்கிட்டே இருந்தன்.

படத்தப் போட்டன். ளுஹர் போச்சி, அஸர் போச்சி. பொழுதடஞ்சி மஃரிபுக்குப் பாங்கு சொல்ல முந்தி நீலம் உழுந்திச்சி. பொறகு அவள்ட சத்தம் ஒண்டு வந்திச்சி. வார்த்த இல்ல. மெதுவா, மூச்சு மாதிரி, கொளகொளகொள.

இப்ப அந்த உடைமரம் ஒண்டும் இல்ல. டோசர் உட்டு இறால் பண்ண வெட்டிட்டாங்க, வான்கோழியும் இல்ல. மகள் வந்துட்டாள், அல்ஹம்துலில்லாஹ், வீட்டுக்குள்ளதான் இரிக்காள். செல நாள் காலம்பறத்துல இருந்து வாய் தொறக்க மாட்டாள். நான் ஃபோன எடுத்துக்கிட்டுக் களப்புக் கரைக்குப் போறன். போய் அவளுக்குக் காட்ட என்னத்தப் புடிக்க?